ஜன்னல்தான் கடைசியாக வந்தது

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் எடிட் செய்யப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு அவமானத்துல ஆரம்பிக்குது.

போன வருஷம் என் ரூமில் மூணு 27 இன்ச் மானிட்டர் மாட்டினேன். வீட்டிலேயே ஒரு ஃப்ளைட் சிமுலேட்டர் காக்பிட். ப்ளைவுட்டில் ஒரு பேனல், செகண்ட் ஹேண்டில் வாங்கின யோக், ரடர் பெடல், எல்லாம் ரெடி. மூணு மானிட்டரையும் சேர்த்து ஒரே அகலமான படமாக்கி, பார்வைக் கோணத்தை 150 டிகிரிக்குத் தள்ளினேன். பார்க்கப் பிரமாதமா இருந்தது. ஆனா தரையிறங்கும் ஒவ்வொரு தடவையும் ரன்வேயில் 'தொப்'புனு விழுந்தேன். என் கை சரியில்லைன்னு நினைச்சு நூறு தடவைக்கு மேல பழகினேன். அப்பவும் 'தொப்'.

என் பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்காகப் பயிற்சி எடுத்துட்டிருந்தாங்க. லீவுல வீட்டுக்கு வந்தப்போ, "அக்கா, இதுல லேண்டிங் பழகிக்கோங்க, காசு மிச்சம்"னு பெருமையா உட்கார வச்சேன். ரெண்டு சுற்று ஓட்டிட்டு எழுந்துட்டாங்க. "டேய், ரன்வே இவ்ளோ சின்னதா தெரியாதுடா. இதுல பழகினா நிஜத்துல எனக்குக் கை கெட்டுடும்"னு சொன்னாங்க.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்க விடல. பயிற்சிக்குன்னு வச்ச ஒரு பொருள், பயிற்சியையே கெடுக்குமா? நான் என்ன தப்பு பண்ணேன்னு தேடப்போய், தொண்ணூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கதையில் போய் நின்னேன். விமானியின் ஜன்னலுக்கு வெளியே தெரியும் உலகத்தை ஒரு அறைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்கிற கதை. எத்தனை பேர் இதுக்காக மண்டையை உடைச்சிருக்காங்கன்னு பார்த்தா, என் மூணு மானிட்டர் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

ஜன்னலே இல்லாத பெட்டி

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்று ஒரு ஊர். அங்கே பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பத்துப் பையன் எட் லிங்க். 1920-ல் காசு கட்டித் தன் முதல் விமானப் பாடத்துக்குப் போனார். மேலே போய்ச் சுற்றிக் காட்டினார்கள்; ஆனால் கட்டுப்பாட்டுக் கம்பியைத் தொடவே விடவில்லை. இப்படிக் காசைக் கொட்டித்தான் கற்கணுமா என்ற எரிச்சலில், ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளை வைத்தே ஆடி அசையும் ஒரு குட்டி விமானத்தை 1929-ல் செய்து முடித்தார்.

ஆரம்பத்தில் அதைப் பொருட்காட்சி விளையாட்டாகத்தான் வாங்கினார்கள். 1934-ல் நிலைமை மாறியது. அமெரிக்காவில் தபால் விமானங்களை ஓட்டும் வேலை ராணுவத்திடம் வந்தது. இரவிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழக்கமில்லாத இளம் விமானிகள், சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்தச் சமயத்தில் ராணுவ அதிகாரிகளைச் சந்திக்க லிங்க் நியூவார்க்குக்கு வந்தார். மூடுபனி மூடிய வானத்தில், கருவிகளை மட்டும் நம்பித் தானே ஓட்டி வந்து இறங்கினார். ராணுவம் 6 பெட்டிகள் வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 5 லட்சம் பேருக்கு மேல் அந்த நீலப் பெட்டியில் பழகினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்தப் பெட்டியை மேலே ஒரு மூடி போட்டு மூடிடுவாங்க. வெளியே எதுவுமே தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அதன் பாடமே. உலகின் முதல் வெற்றிகரமான சிமுலேட்டருக்கு ஜன்னல் தேவைப்படல. ஆனா விமானத்தைத் தரையில் இறக்க ஜன்னல் வேணும். அந்தப் பாடத்தை லிங்க் பெட்டியால் நடத்த முடியவில்லை.

வானத்தைக் கடன் வாங்கியவர்கள்

வெளிக்காட்சிக்கான பெரிய முயற்சிகள் போரோடு வந்தன. அட்லாண்டிக் கடலை இரவில் தாண்ட நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடிக்கணும். இதற்காகப் பிரிட்டனுக்கு லிங்க் வடிவமைத்த ஒரு பயிற்சிக் கட்டடமே 1941-ல் தயாரானது. தானியம் கொட்டி வைக்கும் குதிர் மாதிரி 45 அடி உயரம். உள்ளே விமானியும் வழிகாட்டியும் குண்டு வீசுபவரும் உட்கார ஒரு விமானக் கூடு. தலைக்கு மேலே நட்சத்திரக் கூரை. நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அந்தக் கூரை நகரும்.

அதே காலத்தில் ஃபிரெட் வாலர் என்றொருவர். சினிமா ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் ஆள். நமக்கு ஆழமும் வேகமும் உறைப்பதில் ஓரப் பார்வைக்குப் பெரிய பங்கு உண்டு, கண்ணுக்கு நேரே இருக்கும் சின்னத் திரை மட்டும் போதாது என்பது அவர் கண்டுகொண்ட விஷயம். விமானத்திலிருந்து துப்பாக்கி சுடுபவர்களுக்காக, உள்பக்கம் குழிந்த கோளத் திரையில் 5 புரொஜெக்டர்களை ஒன்றாக ஓட்டினார். எதிரி விமானம் ஓரத்திலிருந்து பாய்ந்து வரும்.

போர் முடிந்ததும் அதே யோசனையை மூன்று புரொஜெக்டராகச் சுருக்கித் தியேட்டருக்குக் கொண்டுவந்தார். 1952-ல் வந்த சினிராமா அதுதான். 146 டிகிரி அகலம். அவருக்கு இருந்த தலைவலி என்ன தெரியுமா? மூன்று படங்களும் சேரும் இடத்தில் தெரியும் கோடு. அதை மறைக்கப் புரொஜெக்டரில் சீப்பு மாதிரி ஒரு தகடு வைத்து வேகமாக அதிர விட்டார்கள்; ஓரம் மங்கிக் கலந்துவிடும். இன்னைக்கு வீட்டில் மூணு மானிட்டர் வைக்கிறவன் அந்தக் கறுப்பு ஃபிரேமைப் பார்த்துப் புலம்புறான் இல்லையா? அதே புலம்பல்தான், எழுபது வருஷம் பழசு.

சுவரில் ஒரு ஊர்

1960களில் ஜெட் விமானங்கள் பெருகின. சிமுலேட்டர் ஜன்னலுக்கு வெளியே ரன்வே காட்ட ஒரு வழி பிடித்தார்கள். விமான நிலையத்தையும் சுற்றியுள்ள வயல், வீடு, சாலை எல்லாவற்றையும் பொம்மையாகச் செய்து ஒரு பெரிய பலகையில் ஒட்டி, பலகையைச் சுவர் மாதிரி நிறுத்திவிடுவது. எதிரே தண்டவாளத்தில் ஒரு டிவி கேமரா. விமானி யோக்கைத் திருப்பினால் கேமரா நகரும். கேமரா பார்ப்பது விமானியின் ஜன்னலில் தெரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அளவு 2000-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் நீளப் பலகையில் 20 கிலோமீட்டர் உலகம் அடங்கும். அதைத் தாண்டினால் உலகம் முடிந்தது. மேகத்துக்குள் போய்விட்டதாகக் காட்டிச் சமாளிக்கணும். இன்னொரு பக்கம், பெரிய ஜெட் தரையைத் தொடும்போது விமானியின் கண் சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருக்கும். பலகையில் அது 5 மில்லிமீட்டர்! லென்ஸ் அந்த அளவு ஒட்டிப் போகணும், கிட்டே இருக்கும் புல்லும் தூரத்தில் இருக்கும் மலையும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியணும். தரைக்கு மிக அருகே, அதாவது விமானிக்குக் காட்சி ரொம்பத் தேவைப்படும் இடத்தில்தான், இந்த முறை ரொம்பக் கஷ்டப்பட்டது.

அப்போ கஷ்டமான பயிற்சியை எங்கே செய்வது? நிஜ விமானத்தில்தான். 1967 மார்ச் 30 அதிகாலை, நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையம் அருகே ஒரு டெல்டா டிசி-8 பயிற்சியில் இருந்தது. இரண்டு இன்ஜின்கள் வேலை செய்யவில்லை என்று பாவித்துக்கொண்டு இறக்கும் பாடம். விமானம் கட்டுப்பாட்டை இழந்து வீடுகள் மேலும் ஒரு மோட்டல் மேலும் விழுந்தது. விமானத்தில் இருந்த 6 பேரும் இறந்தார்கள். தரையில் 13 பேர். அவர்களில் பலர் சுற்றுலா வந்து அந்த மோட்டலில் தூங்கிக்கொண்டிருந்த பள்ளி மாணவிகள்.

இதைப் படிச்சப்போ அக்கா சொன்னது திரும்பவும் காதில் கேட்டது. நம்பி ஓட்டக்கூடிய ஒரு பொய் ஜன்னல் இருந்திருந்தால் அந்தப் பாடத்தை ஒரு ஹாலுக்குள்ளேயே நடத்தியிருக்கலாம். யாரும் செத்திருக்க மாட்டாங்க.

கண் அளப்பது கோணத்தை

அதே 1960களின் பிற்பகுதியில் போயிங் நிறுவனத்தில் கான்ராட் கிராஃப்ட் என்ற உளவியலாளர் ஒரு கேள்வியை எடுத்தார். 1965, 66-ல் புத்தம்புதிய 727 விமானங்கள் சில, இறங்க வரும்போது ரன்வேக்கு முன்னாலேயே விழுந்திருந்தன. அவற்றில் பலவும் இரவு நேரத்தில். அனுபவமுள்ள விமானிகள், நல்ல விமானம். பிறகு ஏன்?

இரவு நேர ஊரின் விளக்குகளை மாதிரியாகச் செய்து, எதிரே காக்பிட் வைத்து, போயிங்கின் அனுபவமுள்ள பயிற்றுநர்களையே ஓட்டச் சொன்னார். உயரமானியைப் பார்க்கக் கூடாது. விளக்குகளைப் பார்த்தே இறங்கணும். நடுவில் கடலோ வெற்று நிலமோ மாதிரி முழு இருட்டு. அவர்களில் பெரும்பாலானோர் ஆபத்தான அளவு தாழ்ந்து வந்தார்கள். தாழ்ந்துவிட்டோம் என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை.

காரணம் ஜியோமெட்ரி. நம்ம கண்ணுக்கு மீட்டர் தெரியாது, கோணம்தான் தெரியும். ஊரின் கிட்ட இருக்கும் விளக்குக்கும் தூர விளக்குக்கும் நடுவில் உள்ள கோணம் மாறாமல் இருந்தால், சரியாக இறங்குகிறோம் என்று மூளை நம்பிவிடும். ஆனால் அந்தக் கோணத்தை மாறாமல் வைத்துக்கொண்டே பறந்தால் நீங்கள் போகும் பாதை ஒரு வில். அந்த வில் ஊருக்கு முன்னாலேயே தரையைத் தொடும்.

இங்கதான் எனக்கு மண்டையில் உறைச்சது. என் மானிட்டரில் நடந்ததும் ஒரு கோணப் பொய்தான். எப்படின்னு கடைசியில சொல்றேன்.

இருட்டில் சில ஆயிரம் புள்ளிகள்

1968-ல் சால்ட் லேக் சிட்டியில் டேவிட் எவன்ஸும் ஐவன் சதர்லேண்டும் ஒரு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் நிறுவனம் தொடங்கினார்கள். 1970களில் இவர்களும், மெக்டானல் டக்ளஸ் போன்றவர்களும் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வரையும் காட்சியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலக் கம்ப்யூட்டரால் பகல் காட்சி வரைய முடியாது. மரம், புல், நிழல் எல்லாம் கனவு. ஆனால் கறுப்பு இருட்டில் சில ஆயிரம் ஒளிப்புள்ளிகளை, சரியான இடத்தில், சரியான நேரத்தில் வைக்க முடியும்.

அதனால் இரவை மட்டும் விற்றார்கள். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்ஜினியரிங் முடிவு. நிஜமான விமான நிலையமே ராத்திரியில் வெறும் புள்ளிகள்தானே! படம் எளிமையானது, ஆனால் ஒவ்வொரு புள்ளியும் சரியான கோணத்தில் இருந்தது. விமானிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அழகான ஆனால் தப்பான பகலைவிட, எளிமையான ஆனால் சரியான இரவு உபயோகமாக இருந்தது.

தூரத்தைச் செய்வது

இன்னொரு பிரச்சினை பாக்கி இருந்தது. பெரிய விமானத்தில் ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவாங்க, நடுவில் சுமார் 1 மீட்டர். 2 மீட்டர் தள்ளி ஒரு திரை வைத்து, கேப்டனுக்கு நேர் எதிரே ரன்வே போட்டால், துணை விமானிக்கு அது சுமார் 27 டிகிரி ஒதுங்கித் தெரியும். நிஜத்தில் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ரன்வே ரெண்டு பேருக்கும் ஒரே திசையில்தான் தெரியும். வித்தியாசம் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு.

இதற்கான தீர்வு, படத்தை நேராகக் காட்டாமல் ஒரு பெரிய வளைந்த கண்ணாடியில் பிரதிபலிக்க வைப்பது. காக்பிட்டின் மேலே ஒரு திரை, எதிரே கண்ணாடி, விமானி பார்ப்பது கண்ணாடியில் தெரியும் பிம்பம். கண்ணாடியிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் கிட்டத்தட்ட இணையாக வருவதால், கண்ணுக்கு அந்தப் படம் மிகத் தொலைவில் இருப்பது போலத் தோன்றும். தலையை அசைத்தாலும் ரன்வே இடம் மாறாது. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரெடிஃப்யூஷன் சிமுலேஷன், ஒரே தொடர்ச்சியாக 150 டிகிரிக்கு இதைச் செய்தது. அத்தனை பெரிய கண்ணாடியைக் கடைந்தா செய்தார்கள்? இல்லை. மெல்லிய மைலார் பிளாஸ்டிக் தாளில் வெள்ளி மாதிரிப் பூச்சு பூசி, பின்னாலிருந்து காற்றை உறிஞ்சினார்கள். தாள் உள்ளே வளைந்து கண்ணாடியாகி நின்றது. லிங்க் துருத்தியில் காற்றை வைத்து ஆட்டினார். இவர்கள் காற்றை எடுத்து வளைத்தார்கள்.

1980-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், உயர்தர சிமுலேட்டரிலேயே முழுப் பயிற்சியையும் முடிக்கலாம் என்று வழி திறந்தது. இன்று ஒரு விமானி புது ரக விமானத்தை முதல் தடவை நிஜமாக இறக்கும்போது, பின்னால் பயணிகள் உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்க விதிப்படி மிக உயர்ந்த நிலை சிமுலேட்டருக்கு, தொலைவில் தெரியும்படியான இந்தக் காட்சி குறைந்தது 176 டிகிரி அகலம், 36 டிகிரி உயரம் வேணும். இந்த எண்களை அழகுக்காக யாரும் எழுதல.

திரும்ப என் ரூமுக்கு

வீட்டுக் கதை தனியாக ஓடியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக், ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் கோடுகளாலேயே ஒரு உலகம் வரைந்தார். 1982-ல் அது மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் பிசிக்கு வந்தது. 2020-ல் வந்த அதே பெயர்ப் பதிப்பு, பிங் மேப்ஸ் படங்களிலிருந்து உலகம் முழுக்கக் காட்டுகிறது. 1980களின் விமான நிறுவனங்கள் கோடிகள் கொடுத்தும் பார்க்காத படம் இப்போ நம்ம மேஜையில். ஆனால் அவர்களிடம் இருந்த கோணம் என்னிடம் இல்லை.

இப்போ அந்தக் கணக்கு. 27 இன்ச் மானிட்டர் கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர் அகலம். கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஒரு மானிட்டர் அடைக்கும் கோணம் 53 டிகிரி. இதுதான் அந்த ஜன்னலின் உண்மையான அளவு. நானோ மூன்றையும் ஒரே தட்டையான படமாக்கி 150 டிகிரியை அதில் திணித்தேன். விளைவு, நடுவில் இருக்கும் ரன்வே நிஜ அளவில் 40 சதவீதமாகச் சுருங்கியது. 1 கிலோமீட்டரில் இருக்கும் ரன்வே என் கண்ணுக்கு இரண்டரை கிலோமீட்டரில் இருந்தது. தரை இன்னும் தூரம்னு நினைச்சு மூக்கைத் தூக்காமலே இருந்தேன். 'தொப்'. கையில தப்பே இல்லை.

சரி செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதா இருந்தது. மூணு மானிட்டருக்கும் மூணு தனிக் கேமரா, ஒவ்வொன்றும் 53 டிகிரி. பக்கத்து ரெண்டையும் என் கண்ணைப் பார்க்கும்படி மடக்கி, மென்பொருளிலும் அதே கோணத்துக்குத் திருப்பினேன். நடுவில் உள்ள ஃபிரேமின் அகலத்தையும் சேர்த்துக் கணக்கு போட்டேன். ஃபிரேமுக்குப் பின்னால் இருக்கும் உலகம் மறையணும், வெட்டி ஒட்டக் கூடாது. டேப் வச்சு அளங்க, கண்ணால அளக்காதீங்க. மொத்தம் சுமார் 159 டிகிரி. படம் முன்னைவிடக் 'கம்மி'யா தெரிஞ்சது. முதல் லேண்டிங் மெத்துனு இருந்தது.

சரியாகாதவையும் சொல்லணும். தலையை 10 சென்டிமீட்டர் நகர்த்தினால், 60 சென்டிமீட்டரில் இருக்கும் ரன்வே ஒன்பது டிகிரிக்கு மேல் தள்ளிப் போகும். 2 மீட்டர் தள்ளிப் பெரிய திரை வைத்தால் அது மூன்று டிகிரிக்குள் அடங்கும். புரொஜெக்டர் வைக்கிறவங்க அதனாலதான் வைக்கிறாங்க. வாக்குவம் கிளீனரும் மைலார் தாளும் வச்சு வீட்டிலேயே அந்த வளைவுக் கண்ணாடியைச் செய்யுற ஆட்களும் உலகத்துல இருக்காங்க. என் ரூம்ல அதை வச்சா நான் ஹாலில்தான் படுக்கணும்.

பொங்கலுக்கு அக்கா வந்தாங்க. ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்து நாலு லேண்டிங் பண்ணாங்க. அப்புறம், "ரன்வே இப்ப ரன்வே மாதிரி இருக்கு"ன்னாங்க. நான் பல்லைக் காட்டுறதுக்குள்ள, "ஆனா திரும்பிப் பார்த்தா ரன்வே காணோமே"ன்னாங்க. சின்ன விமானத்தில் இறங்குறதுக்கு முன்னாடி, ரன்வேயின் முனை தோளுக்குப் பின்னால், மூக்கிலிருந்து 135 டிகிரியில் தெரியும்போதுதான் திருப்பணும். என் ஜன்னல் ஒரு பக்கம் 80 டிகிரியோட முடிஞ்சுடுது. "இதுல செக்லிஸ்ட்டும் ரேடியோவும் பழகுறேன். லேண்டிங்கை ஏரோட்ரோம்லயே பழகிக்கிறேன்"னு முடிச்சுட்டாங்க.

முன்னாடி இருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும். இப்போ, என் ஜன்னல் எந்தக் கோணம் வரைக்கும் உண்மை பேசுதுன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும்.

நீங்க வீட்டில் சிமுலேட்டர் வச்சிருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒரு டேப் எடுத்து கண்ணிலிருந்து திரைக்கு எவ்வளவு தூரம்னு அளந்து பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.